சனா எந்த நாடு

இருங்க தங்கச்சி, பேனாவ மூடாதீங்க. பழைய மனுவப் பாத்து அப்படியே எழுதுங்கன்னுதான சொன்னேன்? தேதிய மட்டும் மாத்துனாப் போதும். காசிலிங்கம் ஐயா இந்தக் கலெக்டராபீசு மரத்தடியில மனு எழுதிக்கிட்டு இருந்த வரைக்கும் அப்படித்தான். என்னையத் தூரத்துல கண்ட உடனே, "வாங்க நாகவள்ளியம்மா, ஓமன்தானே?"ம்பாரு. நான் ஆமாம்பேன். அஞ்சு நிமிசத்துல வேல முடிஞ்சிரும். அவருக்குக் கண்ணு ஆப்ரேசனாமே, இனிமே வர மாட்டாராமே. டீக்கடையில சொன்னாக. நீங்க புதுசு. புதுசா வந்தவுக கேள்வி கேக்கத்தான் செய்வீக.

ஆனா இந்தக் கேள்வியக் கேப்பீகன்னு நெனைக்கல. "ஓமன்லதான் இருந்தாருன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாக்கா?" பதினோரு வருசத்துல இங்க ஒருத்தர் கூட என்கிட்ட இதைக் கேட்டதில்ல. உள்ள இருக்கிற ஆபீசருமாரும் கேக்கல, காசிலிங்கம் ஐயாவும் கேக்கல.

மொதல்ல வயசைத் திருத்துங்க. நாப்பத்தொன்னுன்னு இருக்கும். அது மொத மனு எழுதுனப்ப இருந்த கணக்கு. அம்பத்திரண்டுன்னு போடுங்க. எங்க இருந்தாலும் மனுசனுக்கு வயசு ஏறத்தானே செய்யும்? என் வீட்டுக்காரரு பேரு பூவலிங்கம். தகப்பனார் பேரு கீழ இருக்கு பாருங்க. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனா எந்த வரியில எது இருக்குன்னு மனப்பாடம். மூணாவது வரியில என் மகளப் பத்தி இருக்கும். "மகள் விவரம் தெரியாமல் தவறாகச் சொன்னபடியால் இருப்பிடம் அறிய இயலவில்லை"ன்னு. அது நான் சொல்லி காசிலிங்கம் ஐயா எழுதுனது. உண்மைதான? தப்பாச் சொன்னது அவதான். சின்னப் பிள்ள, பதிமூணு வயசு. நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்.

என் டோக்கன் நூத்தி எம்பத்தேழு. உள்ள இப்பத்தான் நாப்பது ஓடுது. நேரம் இருக்கு, கேளுங்க.

அவுக லாரி டிரைவரு. எட்டாப்புதான் படிப்பு. ஆனா ஊருப் பேருன்னா உசுரு. லாரி சீட்டுக்கு அடியில ஒரு அட்லஸ் புக்கு கெடக்கும், அட்டை போயி, கிரீஸ் கறை அப்பி. எங்க நிறுத்தினாலும் எடுத்துப் பாப்பாகளாம். அப்படியே பிள்ளைக்கும் பழக்கிட்டாக. ராகவி மூணாப்பு படிக்கையிலயே ஆரம்பிச்சாச்சு இந்த வெளையாட்டு. இவுக ஊரு சொல்லணும், அவ நாடு சொல்லணும். இவுக "நைரோபி"ம்பாக, அவ "கென்யா"ம்பா. "லிமா"ன்னா "பெரு". பெருன்னு ஒரு நாடு இருக்காம், எனக்கே சிரிப்பா வரும். "ஓஸ்லோ"ன்னா "நார்வே". "ஹவானா"ன்னா "கியூபா". அடுப்படியில நின்னு கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் ஒட்டிக்கிருச்சு. நம்பலைன்னா நீங்க ஒரு ஊரு சொல்லிப் பாருங்க. பள்ளிக்கூட வாசல மிதிக்காதவ, அம்பது நாடு சொல்லுவேன்.

அப்புறம் ஓமன் போனாக. டிரெய்லர் ஓட்டுற வேல. வெள்ளிக்கெழம லீவு. வெள்ளிக்கெழம தவறாம சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் வரும். சரியா நான் வெளக்கு வெக்கிற நேரம். "இங்க நாலரை மணி ஆகுது நாகு, டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்"னுதான் ஆரம்பிப்பாக. என்கிட்ட ரெண்டு வார்த்த, பிள்ளகிட்ட பத்து ஊரு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவ வெளக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துக்கிருவா. ஒரு ஊரு தப்ப விடமாட்டா தங்கச்சி. ரெண்டு வருசத்துல ஒன்னு கூடத் தப்பினதில்ல. அவுக வேணும்னே கஷ்டமானதாக் கேப்பாக, இவ பட்டு பட்டுன்னு சொல்லுவா. அங்க அவுக சிரிக்கிறது இங்க எனக்குக் கேக்கும். அந்தச் சிரிப்புக்காகவே வெள்ளிக்கெழமைக்குக் காத்துக் கெடப்பேன்.

அப்புறந்தான் அந்த மாசி மாசம். மூணு வாரமா ஃபோன் இல்ல. நாலாவது வெள்ளிக்கெழம வந்துச்சு. வேற நம்பரு. நான் வெளக்குக்கு எண்ண ஊத்திக்கிட்டு இருக்கேன். "எப்படி இருக்கீக, ஏன் பேசல"ன்னா, "நல்லா இருக்கேன் நாகு, வேல ஜாஸ்தி. இங்க மூணரை ஆகுது, பிள்ளகிட்டக் குடு"ன்னாக. குரல் நல்லா இல்ல. பின்னால யாரோ இருமுறது கேட்டுச்சு. மூணரைன்னது என் காதுலயும் விழுந்துச்சு. கடிகாரம் நின்னு போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

பிள்ள ஃபோனை வாங்கினா. எப்பவும் பத்து ஊரு கேக்கிறவுக அன்னைக்கு ஒன்னே ஒன்னுதான் கேட்டாக. "சனா?"ன்னாக.

சனா. ஏதோ பொம்பளப் பிள்ள பேரு மாதிரி இருக்கேன்னு நான் நெனைக்கிறதுக்குள்ள, ராகவி வாயத் தொறந்துட்டா. அந்த நாட்டுப் பேரு உங்களுக்குத் தெரியும், நீங்க படிச்சவுக. நான் வாயால சொல்ல மாட்டேன். ஓமன்ல மொத எழுத்த எடுத்துட்டு, ஏணிக்குப் போடுற எழுத்தப் போட்டுப் பாருங்க. காதுல எப்படி விழும்? எருமக் கெடா மேல ஏறி, கையில கயிறோட வர்றாரே, அவரு பேருதான விழும்? வெள்ளிக்கெழம. வெளக்கு வெக்கிற நேரம். தகப்பன் பேசிக்கிட்டு இருக்கையில, பெத்த பிள்ள வாயிலருந்து அந்தப் பேரு வரலாமா?

"ஏ"ன்னு மொத எழுத்துதான் வந்துச்சு. எண்ணக் கையோட அவ வாயில ஒன்னு போட்டேன். சத்தம் வராமத்தான் போட்டேன். பிள்ள மிரண்டு போயி என்னையப் பாத்தா. "ஓமன்னு சொல்லுடி"ன்னு காதுக்குள்ள சொன்னேன். "உங்கப்பா இருக்கிற நாட்டச் சொல்லு, நல்லதாச் சொல்லு."

அவ "ஓமன்"ன்னா.

அந்தப் பக்கம் யாரோ திரும்ப இருமுனாக. அப்புறம், "நல்லா யோசிச்சுச் சொல்லுடா தங்கம்"னாக. அவ என்னையப் பாத்தா. நான் கையக் காட்டினேன். "ஓமன்தாம்ப்பா"ன்னா. ஒதட்டுல எண்ண மினுங்குது, கண்ணுல தண்ணி நிக்குது. ஃபோன் கட்டாயிருச்சு.

இப்படி முழிக்காதீங்க தங்கச்சி. எனக்குப் பைத்தியம்னு நெனைப்பீக. ஒன்னு சொல்றேன். எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கப்பா என்னைய ஏதோ அடிச்சாரு, தீப்பெட்டி தொலைச்சேன்னு. அந்தக் கோவத்துல வாசல்ல நின்னு, அந்தப் பேரைச் சொல்லி, "அவரு வந்து ஒன்னையத் தூக்கிட்டுப் போகட்டும்"னு கத்தினேன். அதும் வெளக்கு வெக்கிற நேரந்தான். எங்கம்மா ஓடி வந்து வாயப் பொத்துச்சு. மறுநா காட்டுல எங்கப்பா இடி விழுந்து செத்துப் போனாரு. அன்னையிலருந்து அந்தப் பேரு என் வாயில வந்ததில்ல. பாம்பைக் கூடப் பேரு சொல்லிருவேன், இதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கெழமயும் ஃபோன் வந்துச்சு. நல்லா இருக்கியான்னு கூடக் கேக்கல. "சனா?"தான். அவ "ஓமன்"னா. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். மூணாவது வெள்ளிக்கெழம. அதே "சனா?" எனக்குக் கோவம் வந்துருச்சு. உலகத்துல வேற ஊரே இல்லையா, அந்தக் கண்றாவி ஊரையே கேக்கணுமான்னு ஃபோனை நானே வாங்கி, "ஓமன்தான், எத்தன தடவ கேப்பீக"ன்னு சொல்லிட்டுப் பிள்ளகிட்டத் திரும்பக் குடுத்தேன். அவளும், "ஆமாப்பா, ஓமன்"னா.

அப்ப அவுக சிரிச்சாக தங்கச்சி. ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தப் பழைய சிரிப்பு. "சரிடா தங்கம். புரிஞ்சிருச்சுல்ல? அது போதும்"னாக. என்கிட்ட வந்து, "பிள்ளைக்குப் புரிஞ்சிருச்சு நாகு. இனிமே எனக்குப் பயமில்ல"ன்னாக. பாடத்தச் சொல்றாகன்னு நெனச்சேன். எனக்கும் சந்தோசமா இருந்துச்சு. அன்னைக்கு ரவை கேசரி கிண்டினேன்.

அதான் கடைசி ஃபோன்.

பங்குனியில ராகவிக்குப் பரீச்ச. சமூக அறிவியல்ல பொருத்துகன்னு வரும்ல, இந்தப் பக்கம் அஞ்சு ஊரு, அந்தப் பக்கம் அஞ்சு நாடு. மஸ்கட், பாக்தாத், டமாஸ்கஸ், அம்மான், அப்புறம் அந்தச் சனா. ஜெசிந்தா டீச்சரு என்னையப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டாக. "எப்பவும் முழு மார்க் எடுக்கிற பிள்ள. சனாவுக்கு ஓமன்னு போட்டிருக்கா. ஏன்னு கேட்டா, அந்த நாட்டுப் பேர எழுதக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்குங்கிறா. அப்படியாம்மா?"ன்னாக. நான் ஆமான்னு தலையாட்டினேன். டீச்சரு சிரிச்சுட்டாக. "அது நாட்டோட பேரும்மா, வேற ஒன்னுமில்ல"ன்னு சொல்லி, அந்தப் பேரையும் என் மூஞ்சிக்கு நேரா சத்தமாச் சொன்னாக. நான் காதப் பொத்திக்கிட்டேன். இப்பக் கூட அந்தம்மா மேல எனக்கு ஆத்தாமதான். படிச்சவுகளுக்கு எல்லாமே வெறும் பேருதான்.

அதே வாரம் டிவியில வந்துருச்சு. அந்த நாட்டுல சண்ட. வானத்துலருந்து குண்டு போடுறாக. அங்க இருக்கிற நம்ம ஆளுகளக் கப்பல் விட்டுக் கூட்டியாறாகன்னு சொன்னாக. உங்க சொந்தக்காரக யாராச்சும் அங்க இருந்தாச் சொல்லுங்கன்னு கீழ ஒரு நம்பரு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ராகவி பள்ளிக்கூடப் பையைக் கூடக் கழத்தாம என் முன்னால வந்து நின்னா. "அம்மா, சனா அங்கதாம்மா இருக்கு"ன்னா. "இருந்துட்டுப் போகட்டும்"னேன். "அப்பா மூணரைன்னு சொன்னாரும்மா. ஓமன்ல இருந்தா நாலரைன்னுல்ல சொல்லணும்? சனாவுலதாம்மா மூணரை. அப்பா அங்க இருக்காரும்மா. அதான் அந்த ஒரே ஊரக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நம்பரு எழுதி வெச்சிருக்கேன், ஃபோன் போடும்மா"ன்னா.

நான், "வாய மூடுடி. உங்கப்பா ஓமன்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு"ன்னேன்.

மறுநாளும் கேட்டா. அதுக்கு மறுநாளும். ஒரு நா என் காலப் புடிச்சுக்கிட்டு அழுதா. அவ ஃபோனை எடுத்துருவாளோன்னு நான் இடுப்புச் சொருகல்லயே வெச்சுக்கிட்டேன். கேபிள் ஒயரப் புடுங்கிப் பரண்ல போட்டேன். ஃபோன் போட்டா அந்தப் பக்கம் இருக்கிறவுக என்ன கேப்பாக? எந்த நாட்டுல இருக்காருன்னு கேப்பாக. நான் அந்தப் பேரைச் சொல்லணும். என் புருசன் பேரையும் அந்தப் பேரையும் சேத்து ஒரே வாயால சொல்லணும். நான் எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நடந்துரும்ல? அவுக ஓமன்ல நல்லா இருந்து, நானாக் கொண்டுபோயி அங்க விட்ட மாதிரி ஆயிரும்ல?

பத்துப் பன்னெண்டு நாள்ல கப்பல் வர்றது நின்னு போச்சுன்னாக.

சித்திரையில ஒரு ஆளு வந்தாரு. இருதயராஜ்னு பேரு, மூக்கையூர்க்காரரு. அவுக கூட வேல பாத்தவராம். கப்பல்ல வந்து எறங்குனவராம். நான் உள்ள வாங்கன்னு சொல்லல. வாசல்ல வேப்பமரத்தடியில நின்னே பேசினாரு. ராகவி கதவுக்குப் பின்னால நிக்கிறான்னு எனக்குத் தெரியும். ஒரு செம்புத் தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிச்சாரு.

அஞ்சு டிரைவருமார எல்லை தாண்டி லோடு எறக்கணும்னு கூட்டிட்டுப் போயிருக்காக. போன எடத்துல பாஸ்போட்ட வாங்கி வெச்சுக்கிட்டாகளாம். வெள்ளிக்கெழம அஞ்சு நிமிசம் ஃபோன் தருவாகளாம், ஆனா தமிழ் தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தன் பக்கத்துலயே நின்னு கேப்பானாம். ஓமன்ல இருக்கேன்னுதான் சொல்லணுமாம். வேற சொன்னா ஃபோனும் கெடையாது, சோறும் கெடையாது. "அப்பத்தான் அண்ணன் சொன்னாக, என் மக இருக்கா, அவகிட்ட நான் ஊரு கேப்பேன், மேஸ்திரிக்கு அது வெறும் வெளையாட்டு, என் மக கண்டுபுடிச்சிருவான்னு. நாங்க அஞ்சு பேரும் செவுத்துல சாஞ்சு உக்காந்து காத மட்டும் தீட்டிக்கிட்டுக் கெடந்தோம்க்கா. உங்க மக பதிலுதான் எங்களுக்கு உசுரு"ன்னாரு.

நான் அந்தச் செம்ப வாங்கி இடுப்புல இடுக்கிக்கிட்டேன்.

"மொத நா 'ஏ'ன்னு ஆரம்பிச்சா. சட்டுனு ஓமன்னு மாத்திட்டா. எங்களுக்கெல்லாம் மனசு விட்டுப் போச்சு, பிள்ளைக்குத் தெரியலன்னு. அண்ணன் மட்டும் சிரிச்சாக. 'என் மக ஒருநாளும் தப்பாச் சொன்னதில்லடா. தெரிஞ்சுதான் ஆரம்பிச்சா. பக்கத்துல ஆளு நிக்குதுன்னு வெளங்கிருச்சு, அதான் சட்டுனு மாத்திட்டா. எம்புட்டுச் சூட்டிகையான பிள்ள பாரு'ன்னாக. மூணு வாரமும் அதே பதிலு வந்ததும் அண்ணனுக்கு உறுதியாப் போச்சு."

அந்தாளு என்னைய நிமுந்து பாக்கல, தரையப் பாத்துத்தான் சொன்னாரு. "குண்டு விழ ஆரம்பிச்சதும் மேஸ்திரி ஓடிட்டான். நாங்க நடந்தே தொறமுகத்துக்குப் போயிரலாம்னு கெளம்பினோம். அண்ணன் வர மாட்டேன்னுட்டாக. 'என் பிள்ளைக்கு நான் சொன்ன ஊரு இது. அவ ஆபீசருமாரு கிட்டச் சொல்லியிருப்பா. தேடி வர்றவுக இங்கதான் வருவாக. நான் நகந்துட்டா எப்படிக் கண்டுபுடிப்பாக? நீங்க போங்கடா, பின்னாலயே வந்துருவேன்'னாக. நாங்க எவ்வளவோ கூப்பிட்டோம்க்கா."

அம்புட்டுத்தான். அவரு சொல்லி முடிச்சாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க வேற யாரையோ சொல்றீக. என் வீட்டுக்காரரு ஓமன்ல இருக்காரு"ன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டேன். கதவுக்குப் பின்னால ராகவி நிக்கிறா. அழுகல. வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறா. நான் அடிச்ச அதே எடத்துல அவ கை இருந்துச்சு.

அந்த வாரம் திங்கக்கெழமதான் மொத மொதல்ல இங்க வந்தேன். காசிலிங்கம் ஐயா எந்த நாடும்மான்னாரு. ஓமன்னேன். ஏன் இவ்வளவு லேட்டா வர்றீங்கன்னாரு. என் மக தப்பாச் சொல்லிட்டான்னேன். எழுதிட்டாரு.

ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பதில் வரும். "மேற்படி பெயருடைய நபர் அந்நாட்டில் இருப்பதாகவோ இறந்ததாகவோ தகவல் இல்லை"ன்னு. இந்தா இந்த மஞ்சப் பையில இருக்கு, அம்புட்டும். உங்களுக்கு இது வெறும் காயிதம். எனக்கு ஒவ்வொரு காயிதமும் அவுக செத்தவுக லிஸ்டுல இல்லைங்கிற சாட்சி. ஓமன்ல தேடுற வரைக்கும் அவுகளுக்கு ஒன்னும் ஆகாது தங்கச்சி. இல்லாத எடத்துல தேடினா எப்படிக் கெடைப்பாக? அது எனக்குத் தெரியாமலா இருக்கு?

ஒன்னு சொன்னாச் சிரிக்கக் கூடாது. இப்ப எங்க வீட்டுல நாலு மணிக்கே வெளக்கேத்திருவேன். வெயில் சுள்ளுன்னு அடிக்கும், தெருவுல போறவுக கேலி பண்ணுவாக. பண்ணட்டும். ஆறு மணிக்கு ஃபோன் வந்தா அது வெளக்கு வெக்கிற நேரமா இருக்கக் கூடாதுல்ல? அப்பப் பிள்ள எந்த நாட்டுப் பேர வேணாலும் சொல்லலாம்ல? அந்தப் பழைய பட்டன் ஃபோனு, அதே நம்பரு, அணைய விட்டதே இல்ல. வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எப்பயாச்சும் அடிக்கும். எடுத்தா யாரும் பேச மாட்டாக. காத்துச் சத்தம் மாதிரி ஒன்னு கேக்கும். நான், "கேளுங்க, கேளுங்க"ம்பேன். கட்டாயிரும். கம்பெனிக்காரன் ஃபோனா இருக்கும்ங்கிறா ராகவி. இருக்கலாம்.

ஃபோன் வராத அன்னைக்குத்தான் இன்னும் மோசம். குக்கர் விசில் அடங்கும்ல, அந்த அடங்குற சத்தத்துல "சனா?"ன்னு கேக்குது. தெளிவாக் கேக்குது. பஸ்ஸுல கண்டக்டரு ஒரு ஊரச் சொன்னா என் வாய்க்குள்ள ஒரு நாடு வந்து நிக்குது. பார்த்திபனூருக்கு என்ன நாடு? பரமக்குடிக்கு என்ன நாடு? தேடித் தேடி மண்ட வலிச்சுப் போயி வீட்டுக்கு வருவேன்.

அம்புட்டையும் எதுக்கு இன்னைக்குச் சொல்றேன்? சொல்றேன் இருங்க. ராகவிக்கு இருவத்திநாலு ஆச்சு. மருதையில ஒரு ஆஸ்பத்திரியில லேப்ல இருக்கா. ஆவணியில கல்யாணம். நல்ல பையன், நல்ல குடும்பம். பத்திரிகை அடிக்கணும். பத்திரிகையில அப்பா பேருக்கு முன்னால என்ன போடுறதுன்னு அவுக வீட்டுல கேட்டிருக்காக. திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவா? மணமேடையில நான் எங்க நிக்கணும்? பூவோட நிக்கவா, ஓரமா நிக்கவா? அவுகளும் கேக்கத்தான செய்வாக.

ராகவி போன ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்தா. பத்திரிகைக்கு அப்பா பேர எப்படி எழுதியிருக்குன்னு பாக்க இந்த மஞ்சப் பையைத் தொறந்துட்டா. இத்தன வருசத்துல மொத தடவையா இந்த மனுவ வாசிச்சிருக்கா. நான் அடுப்படியில இருந்தேன். வெளிய வந்து பாக்கிறேன், தாளக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்த மூணாவது வரியில வெரல வெச்சிருக்கா.

"ஒவ்வொரு தடவையும் இதை எழுதிக் குடுத்தியாம்மா?"ன்னா. "சரியாத்தான் எழுதியிருக்க. நான்தானம்மா தப்பாச் சொன்னேன். நான்தான அப்பாவக் கொன்னேன்"னா. கத்தல, அழுகல. லேப்ல ரிப்போட்டு வாசிக்கிற மாதிரிச் சொன்னா. "ஒரே ஒரு தடவ சரியான நாட்டுக்கு மனு போடும்மா. என்ன பதில் வந்தாலும் நான் தாங்கிக்கிறேன். இல்லன்னா எனக்குக் கல்யாணம் வேணாம். அப்பாவக் கொன்னவ அப்பா பேரப் போட்டுப் பத்திரிகை அடிக்க வேணாம்"னு சொல்லிட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டா.

நான் அப்பவே சொல்லியிருக்கணும்ல தங்கச்சி? "நீ எங்கடி தப்பாச் சொன்ன, சரியாத்தான ஆரம்பிச்ச"ன்னு சொல்லியிருக்கணும்ல? அவ செருப்ப மாட்டுறா, பையத் தோள்ல போடுறா, வாசத் தாண்டுறா. எனக்கு வாயே வரல. பதினோரு வருசமா என் பிள்ள என் அடியச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கா. நான் அவள மன்னிச்சிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

எத்தனாவது டோக்கன் ஓடுது? அறுவதா? சரி.

அந்த மூணாவது வரிய எழுதிட்டீகளா? அடிச்சிருங்க. இல்ல, அடிச்சாக் கீழ தெரியும். வேற தாளு எடுங்க. நான் சொல்றத எழுதுங்க. "என் மகள் ராகவி சரியாகத்தான் சொன்னாள். தாயாகிய நான்தான் அவள் வாயில் அடித்து மாற்றிச் சொல்ல வைத்தேன்." மனுவுல இப்படியெல்லாம் எழுத மாட்டாகளா? எழுதுங்க. ஆபீசரு படிக்கிறாரோ இல்லையோ, எனக்கு ஒரு நகல் எடுத்துக் குடுங்க. மருதைக்கு அனுப்பணும்.

ஊரு, சனா. நாடு.

நாடு, ஏமன். அழுத்தி எழுதுங்க தங்கச்சி, ஏமன். மணி பதினொன்னுதான ஆகுது? வெளக்கு வெக்க இன்னும் நேரங் கெடக்கு.